நாலு ஆணியும் ஒரு காற்றுக் கண்ணும்

படார்!

வீடே ஒருமுறை அதிர்ந்தது. அலமாரியில் இருந்த பித்தளைச் செம்பு உருண்டு தரையில் விழுந்து கணகணவென்று ஓடியது. பிரசவ அறைக்குள் பச்சைக் குழந்தை வீறிட்டது.

"ஏலே குத்தாலம்! காதுல விழுதா இல்லையா? அந்தச் சன்னக் கதவு விடிஞ்சதுல இருந்து அடிக்கி, அடிக்கி, அடிச்சுக்கிட்டே கிடக்கு! பிள்ளைக்கு ஈரக்குலை நடுங்குது. நீ இங்கன நின்னு சுவத்துக்குப் பாடம் சொல்லுதியாக்கும்?"

குற்றாலிங்கம் பேச்சை நிறுத்தினான். நிறுத்த மனமில்லைதான். அவன் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர். அன்று பிற்பகல் குற்றாலத்தில் அவனுக்கு ஒரு வாதம் இருந்தது. சாரலுக்கு வந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால், வக்கீல் நயினாரை எதிர்த்து அவன் பேச வேண்டும். பேச்சின் தலைப்பு என்ன தெரியுமா? ஜன்னல்!

ஆமாம், அந்த ஒரு சொல்தான். ஜன்னல் என்பது கப்பலில் வந்த போர்ச்சுக்கீசியன் விட்டுப்போன வார்த்தை. அது நமக்கு வேண்டாம், நம்மிடமே 'காலதர்' என்று அழகான பெயர் இருக்கிறது என்பது குற்றாலிங்கத்தின் கட்சி. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வருகிற வழி காலதர். பத்து நாளாக இதையே வீட்டுக் கூடமான பட்டாசாலையில் நின்று ஏற்ற இறக்கத்தோடு பேசிப் பழகிக் கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பிரசவ அறை. அங்கே படுத்திருந்தவள் அவன் மனைவி முப்பிடாதி.

படார்! மறுபடியும் அடித்தது.

"காத்து பட்டா ஜன்னி கண்டுரும்லே" என்றாள் அவன் தாயார் மாடத்தி. "தாயில்லாப் பொண்ணு, பேறுகாலத்தை நம்ம வீட்டுலயே வச்சிருக்கோம். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னையத்தான் பேசும். போ, சன்னலுக்கு ஆணி அடிச்சிட்டு வா."

அது 1938ஆம் வருஷத்து ஆடிச் சாரல். மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று அந்த வருஷம் தெருவில் போகிறவன் வேட்டியைக்கூட விட்டு வைக்கவில்லை. பிரசவ அறையின் ஜன்னலோ சரியாக மேற்குச் சுவரில் இருந்தது. கொக்கி உடைந்து போய்விட்டது. ஆணிதான் வழி.

அடுத்த வீட்டுத் தச்சர் செல்லச்சாமி வேலைக்குக் கிளம்பிக் கொண்டிருந்தார். அவரிடம் சுத்தியலையும் நாலு ஆணியையும் வாங்கிக் கொண்டு குற்றாலிங்கம் பக்கத்துச் சந்துக்குப் போனான். வாலாமை என்கிற பிரசவத் தீட்டு கழியும்வரை ஆண்பிள்ளை பிரசவ அறைக்குள் போகக்கூடாது. அதனால் வெளியே நின்றே இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்து நிலையோடு வைத்து அடித்தான். பேச்சைக் கெடுத்த கோபத்தையும் சேர்த்து அடித்தான். ஆணித் தலைகள் தேக்குக்குள் புதைந்தே போயின.

"மெள்ள அடிங்க பண்டிதரே" என்றார் செல்லச்சாமி. "இப்படிப் பொதச்சிட்டீயன்னா குறடு போட்டாத்தான் வரும். குறடும் சுத்தியலும் இப்போ என்கூடச் சுந்தரபாண்டியபுரம் வருது, பாத்துக்கிடுங்க. ராத்திரிதான் திரும்புவேன்."

"எதுக்குப் பிடுங்கணும்? சாரல் முடியட்டும்."

"அது சரி. சன்னலே வேண்டாம்னு குத்தாலத்துல பேசப் போறீயளாம்லா? அதுக்கு இங்கனயே ஆரம்பிச்சிட்டீயளாக்கும்!" செல்லச்சாமி சிரித்துக்கொண்டே சுத்தியலை வாங்கிப் பையில் போட்டுக் கொண்டு வண்டி ஏறினார்.

குற்றாலிங்கம் பட்டாசாலைக்குத் திரும்பி வந்து அங்கவஸ்திரத்தை எடுத்தான். சாத்தியிருந்த அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து முப்பிடாதியின் குரல் கேட்டது.

"இங்கன பாருங்க. போறீயளா?"

"நேரமாச்சு முப்பிடாதி."

"தலை கிண்ணுனு இருக்கு. அந்தக் கங்குச் சட்டியையாவது வெளிய எடுக்கச் சொல்லுங்களேன். கரி நாத்தம் நெஞ்சை அடைக்கி."

கங்குச் சட்டி அந்த அறையில் எப்போதும் உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்சட்டியில் கரி நெருப்பு கனன்று கொண்டிருக்கும். மேலே சாம்பிராணி. பச்சை உடம்புக்குச் சூடு வேண்டும் என்று மாடத்தி வேளைக்கு வேளை கரி போட்டு வருவாள்.

"அம்மா பெத்து வளத்தவ, அவளுக்குத் தெரியாததா? அவ சொல்லுதத கேளு. சாயந்தரம் ஜெயிச்சிட்டு வந்து பேசுதேன்."

குற்றாலிங்கம் சைக்கிளை எடுத்தான். ஜன்னலை அறைந்து மூடிவிட்டு ஜன்னலைப் பற்றிப் பேசப் போகிறோமே என்று அவனுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. அந்த நாலு ஆணிக்கும் அந்தக் கங்குச் சட்டிக்கும் நடுவே இரண்டு உயிர்கள் படுத்திருக்கின்றன என்பதும் தோன்றவில்லை.

குற்றாலத்தில் அருவிக்கரையை அடுத்த ஒரு சத்திரத்தில் கூட்டம். தலையில் எண்ணெய் பளபளக்க, தோளில் ஈரத் துண்டோடு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். குளித்து வந்தவர்களுக்குச் சுக்குக் காப்பியும் வேண்டும், சண்டையும் வேண்டும். அன்று இரண்டும் கிடைத்தன.

வக்கீல் நயினார் எழுந்தார். தென்காசிக் கோர்ட்டில் அவர் குறுக்கு விசாரணை செய்தால் சாட்சிக்குச் சொந்தப் பெயரே மறந்து போகும் என்பார்கள்.

"பண்டிதருக்கு நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். வீட்டுக்கு வந்த வார்த்தையைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுன ஜாதி உலகத்துல எங்கயாவது உண்டா? சன்னலுக்குச் சொந்தப் பேரு வச்சிருக்கவன் எவன்? இந்தா, நம்ம சபையில டென்மார்க் தேசத்து டாக்டரம்மா இருக்காங்க. தென்னாற்காடு பக்கம் ஆஸ்பத்திரி நடத்துதாங்க. நம்மளைவிட நல்ல தமிழ் பேசுதாங்க. சாரலுக்கு வந்தவங்களைச் சாட்சிக்கூண்டுல ஏத்துதேன், மன்னிக்கணும். அம்மா, சொல்லுங்க. உங்க ஊர்ல சன்னலுக்கு என்ன பேரு?"

முன்வரிசையிலிருந்து டாக்டர் கிர்ஸ்டன் எழுந்தாள். நெட்டையான உருவம். வெயிலில் சிவந்த மூக்கு. கொண்டையிலிருந்து இன்னும் அருவித் தண்ணீர் சொட்டிக் கொண்டிருந்தது.

"வென்டு" என்றாள்.

"அப்படின்னா?"

"வக்கீல் ஐயா, நீங்கள் தவறான சாட்சியை அழைத்துவிட்டீர்கள்" என்று அவள் சிரித்தாள். "அது எங்கள் சொந்தப் பெயர்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வடதேசத்தார் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பாஷை பேசினார்கள். அப்போது அதன் பெயர் வின்டவ்கா. வின்ட் என்றால் காற்று. அவ்கா என்றால் கண். காற்றின் கண்!"

குற்றாலிங்கம் மேடையில் உட்கார்ந்திருந்தவன் துள்ளி எழுந்துவிட்டான்.

"கேட்டீர்களா சபையோரே! அவர்களுக்குக் காற்றின் கண்! நமக்குக் காற்றின் வழி! கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே எண்ணம்!"

கைதட்டல் அருவிச் சத்தத்தை மிஞ்சியது. நயினார் அசையவில்லை.

"இருங்க, இருங்க. கேஸ் இன்னும் முடியல. அம்மா, பக்கத்து ஊரு நார்வேக்காரன் என்ன சொல்லுதான்?"

"டவுனில் வின்டு. உள்நாட்டுக் கிராமத்துக்குப் போனால் இன்னும் பழைய வழக்கப்படி வின்டவ்கே என்பார்கள். நாங்களும் அந்த டவுன்காரர்களும் கண்ணைக் கொஞ்சம் தின்றுவிட்டோம்; நார்வேயின் கிராமத்தார் முழுசாக வைத்திருக்கிறார்கள். நடுக்கடலில் பரோ என்று சில தீவுகள் உண்டு. அங்கே ஆடுகள்தான் அதிகம். அவர்களும் முழுசாகவே வின்டைகா என்கிறார்கள்."

"மூணுக்கு மூணு பண்டிதர் பக்கம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஸ்வீடன்?" என்றார் நயினார். குரலில் ஒரு நப்பாசை.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக் கொண்டாள். "ஐயோ, ஸ்வீடன்காரர்கள்! அவர்களிடமும் பழைய காலத்தில் காற்றின் கண் இருந்தது. பிறகு ஜெர்மன் வியாபாரிகள் வந்தார்கள். கண்ணாடி வந்தது. கண்ணாடியோடு லத்தீன் வார்த்தை ஒன்றும் வந்தது. இப்போது ஃபென்ஸ்டர் என்கிறார்கள்."

"சபாஷ்!" நயினார் மேஜையைத் தட்டினார். "ஸ்வீடன் நம்ம கட்சி! சரக்கோட வார்த்தையும் வரும், ஐயா! நமக்குப் போர்ச்சுக்கீசியன்னா அவனுக்கு ஜெர்மன்காரன். ஸ்வீடன்காரன் கெட்டாப் போயிட்டான்?"

"ஐஸ்லாந்தையும் கேளுங்கள்" என்றாள் டாக்டரம்மா, அவளுக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. "அவர்கள் பழைய பாஷையை யாரையும் விடப் பத்திரமாக வைத்திருப்பவர்கள். ஆனால் ஜன்னலுக்கு மட்டும் காற்றும் வேண்டாம், லத்தீனும் வேண்டாம் என்று விட்டார்கள். க்ளுக்கி என்கிறார்கள். அதுவும் பழைய வார்த்தைதான். வெறும் துவாரம் என்று அர்த்தம்."

"அப்போ ஐஸ்லாந்து சுயேச்சை!" என்றார் ஒருவர். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

"இன்னொன்று சொல்லட்டுமா? இங்கிலீஷ்காரர்கள் விண்டோ என்கிறார்களே, அது அவர்களுடையது அல்ல. எங்கள் கப்பல்காரர்கள் அங்கே போய்க் குடியேறியபோது கொடுத்துவிட்டு வந்தது."

இதைக் கேட்டதும் கூட்டத்தில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்லி முடியாது. கதர்ச் சட்டைக்காரர் ஒருவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "துரைமாரு வீட்டுச் சன்னலும் இரவல்தானா! எழுதிக்கிடுங்கய்யா, எழுதிக்கிடுங்க!"

குற்றாலிங்கத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு சொல்லுக்குள் இத்தனை கப்பல்களும் இத்தனை தீவுகளும் இருக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. ஒரே வித்து, ஓரிடத்தில் கண் முழுசாக, ஓரிடத்தில் பாதி, ஓரிடத்தில் வேறு விதை முளைத்து அதை மூடிவிட்டது. இதை வைத்துக் கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் பேசலாம். பேசத்தான் வாயைத் திறந்தான்.

அதற்குள் சபையிலிருந்து ஒரு மிட்டாதாரர் எழுந்தார். இலஞ்சியைச் சேர்ந்தவர். நல்லகண்ணு என்று பெயர். "எனக்கு ஒரு சந்தேகம் தாயி. உங்க ஊரு பனி ஊருங்காங்க. அங்க போயி காத்துக்கு எதுக்குக் கண்ணு? எல்லாத்தையும் மூடி, நெருப்பைப் போட்டுக்கிட்டுப் படுத்தா கதகதன்னு இருக்குமே?"

டாக்டரம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"நல்ல கேள்வி ஐயா. அந்தக் காலத்து வீட்டில் சுவரில் ஜன்னல் கிடையாது. வீட்டின் நடுவில் அடுப்பு. அதற்கு மேலே கூரையில் ஒரு துளை. கீழே படுத்திருப்பவன் அண்ணாந்து பார்த்தால் அந்தத் துளையில் வானம் தெரியும். வீட்டுக்கு ஒற்றைக் கண் இருப்பதுபோல இருக்கும். முதல் ஜன்னல் அதுதான். அழகுக்கு வைத்ததில்லை. வேடிக்கை பார்க்கவும் வைத்ததில்லை. உயிருக்கு வைத்தது."

"உயிருக்கா?"

"என் தாயாரின் ஊரில் ஒரு குளிர்காலத்தில் ஒரு குடும்பம் எல்லாத் துவாரங்களையும் துணி வைத்து அடைத்துவிட்டு, கரி நெருப்பு வைத்துக் கொண்டு படுத்தது. காலையில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. புகை வந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடிவிடலாம். கரி நெருப்பிலிருந்து வருகிற விஷத்துக்கு நிறம் கிடையாது, அதற்கென்று ஒரு வாசனையும் கிடையாது. முதலில் தலை கிண்ணென்று வலிக்கும். பிறகு தூக்கம் வரும். அவ்வளவுதான்."

தலை கிண்ணுனு இருக்கு.

குற்றாலிங்கத்தின் காதில் அருவிச் சத்தம் நின்று போயிற்று. சபை தெரியவில்லை. நாலு ஆணித் தலைகள்தான் கண்முன் தெரிந்தன, தேக்குக்குள் புதைந்த நாலு கறுப்புப் புள்ளிகள்.

"பண்டிதரே, பதில் சொல்லுங்க!" என்றார் நயினார்.

"டாக்டரம்மா…" அவன் அவள் பக்கம் திரும்பினான். "கங்குச் சட்டி… எங்க வீட்டுல… பச்சை உடம்புக்காரி… நான்தான் சன்னலுக்கு ஆணி…"

அவள் ஒரு நொடி அவனை உற்றுப் பார்த்தாள்.

"ஓடும்! நிற்காதேயும், ஓடும்! திறந்துவிடும்! நான் பின்னால் வருகிறேன்!"

அவன் மேடையிலிருந்து குதித்தான். நடுவில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, ஒருவர் சுக்குக் காப்பியைக் கொட்டி, இன்னொருவர் கையை மிதித்து வெளியே பாய்ந்தான். பின்னாலிருந்து ஒருவன் கூவினான்: "ஏலே, பண்டிதரு தோத்து ஓடுதாரு பாரு!" கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தென்காசிக்கு மூன்று மைல். சைக்கிள் பறந்தது. காற்று அவன் முதுகில் கை வைத்துத் தள்ளிற்று. காலையில் எந்தக் காற்றை வெளியே நிறுத்தி ஆணி அடித்தானோ அதே காற்று. எதிரே சாரலுக்கு வரும் வில்வண்டிகள். அவற்றின் ஊடே புகுந்தான். மேலகரத்தில் ஒரு ஆட்டுக்கூட்டம் ரோட்டை அடைத்துக் கொண்டு நின்றது. "வழி விடுங்கலே! வழி!" என்று கத்தினான். வழி என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. பத்து நாளாகக் காற்றுக்கு வழி, காற்றுக்கு வழி என்று தொண்டை வறளப் பேசினானே! இருந்த வழியை யார் அடைத்தது?

ஆட்டுக்காரன் கம்பை நீட்டி மந்தையை ஒதுக்கினான். சிற்றாற்றுப் பாலம். கோயில் கோபுரம். தெரு முனை. சைக்கிளைப் போட்டது போட்டபடி விட்டு வீட்டுக்குள் ஓடினான்.

விளக்கு வைக்கிற நேரம். வீட்டில் வேறு யாருமில்லை. மாடத்தி கோயிலுக்குப் போயிருந்தாள். பிரசவ அறைக் கதவு உள்ளே குறுக்குக் கட்டை போட்டிருந்தது. தனியாக இருக்கும் பச்சை உடம்புக்காரி அந்தி நேரத்தில் கட்டை போட்டுக் கொள்ள வேண்டும். யார் கூப்பிட்டாலும் உடனே பதில் சொல்லக்கூடாது. கெட்டது ஒரு தடவை கூப்பிடும், இரண்டு தடவை கூப்பிடும். மூன்றாம் தடவை கூப்பிட அதற்கு வாய் வராது. மூன்றாவது குரலுக்குத்தான் பதில். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அது சட்டம்.

"முப்பிடாதி!"

பதிலில்லை. சரி, இருக்கட்டும்.

"முப்பிடாதி!"

பதிலில்லை. இதுவும் சரிதான். அவன் கதவில் நெற்றியை வைத்துக் கொண்டான். மூன்றாவது தடவை கூப்பிட அவனுக்கே வாய் வரவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால்?

"ஏட்டி முப்பிடாதி! நான்தாம்டி!"

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. குழந்தை அழவில்லை.

தோளால் கதவை மோதினான். கட்டை அசையவில்லை. சந்துக்கு ஓடினான். ஓடுகிற வேகத்தில் சாக்கடை ஓரம் கிடந்த ஒரு கந்தல் துணிப்பந்து காலில் சிக்கியது, உதறித் தள்ளினான். ஜன்னல் கதவில் விரலை விட்டு நெம்பினான். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது, ஆணி வரவில்லை. காலையில் எவ்வளவு நன்றாக அடித்திருக்கிறான்! குறடு சுந்தரபாண்டியபுரத்தில். கதவை இடிக்க உலக்கை வேண்டும் என்றால், அது காத்து கருப்பு அண்டாமல் இருக்க அறைக்குள்ளேயே வைத்திருந்தது.

அப்போது, எங்கோ பனி நாட்டில் ஒருவன் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்து அண்ணாந்து பார்ப்பது அவன் மனதில் பளிச்சென்று தோன்றியது. முதல் ஜன்னல் சுவரில் இல்லை. கூரையில்!

மாட்டுத் தொழுவத்தின் சுவரில் கால் வைத்து ஏறினான். ஓட்டுக் கூரை சாரலில் பாசி பிடித்து வழுக்கியது. தவழ்ந்தான். அறைக்கு நேர் மேலே வந்ததும் ஓடுகளைப் பிய்த்து எறிந்தான். ஒன்று, நாலு, பத்து. தெருவில் சடசடவென்று உடைந்தன. "ஏ, யாருலே அது கூரையில? களவாணிப்பய!" என்று எதிர்வீட்டு ஷரீபுன்னிசா அலறினாள். "நான்தான் மதினி! ஓடியாங்க!" என்று பதிலுக்குக் கத்திக்கொண்டே சட்டங்களுக்கு நடுவே காலை விட்டுக் குறுக்குக் கழிகளை மிதித்து முறித்தான்.

கூரையில் ஒரு கண் திறந்தது.

சாம்பிராணியும் கரி நாற்றமுமாக வெதுவெதுப்பான காற்று அவன் முகத்தில் அடித்துக் கொண்டு மேலே போயிற்று. அவன் மூச்சை அடக்கிக் கொண்டு உத்தரத்தைப் பிடித்துத் தொங்கிக் குதித்தான். குறுக்குக் கட்டையைத் தூக்கி எறிந்து கதவைத் திறந்தான். கங்குச் சட்டியை வெறுங்கையால் தூக்கி முற்றத்தில் வீசினான். பிறகு கட்டிலைப் பார்த்தான்.

கட்டிலில் யாரும் இல்லை.

தொட்டிலைப் பார்த்தான். அதுவும் காலி.

அரை இருட்டில் நாலு மூலையும் தேடினான். மேற்கு மூலையில், தண்ணீர் போகும் அங்கணத்தில், வெறும் ஈரத் தரையில் முப்பிடாதி குப்புறக் கிடந்தாள். ஒரு கை குழந்தையைச் சுற்றி வளைத்திருந்தது. குழந்தையின் முகம் சாக்கடைத் துவாரத்துக்கு நேராக இருந்தது. உள்ளங்கை அகலத் துவாரம். அதன் வழியாக மலைக்காற்று விசுக் விசுக்கென்று வந்து குழந்தையின் தலைமயிரைக் கலைத்துக் கொண்டிருந்தது. குழந்தை தூங்கியது. நல்ல ரோஜா நிறத்தில், மார்பு ஏறி இறங்க, சுகமாகத் தூங்கியது.

இருவரையும் அள்ளி முற்றத்துக்குக் கொண்டு வந்தான். ஷரீபுன்னிசா குழந்தையை வாங்கிக் கொண்டாள். அது உடனே விழித்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு அழுகை அழுதது. அத்தனை இனிய அழுகையைக் குற்றாலிங்கம் அதுவரை கேட்டதில்லை.

வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. டாக்டரம்மா குதித்து இறங்கி ஓடிவந்தாள். பின்னால் நயினார், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க. டாக்டரம்மா முப்பிடாதியின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள், கூடி நின்றவர்களை அதட்டி விலக்கினாள். முப்பிடாதியின் முகத்தில் சாரல் தூவிற்று. வெகுநேரம் என்று தோன்றிய ஒரு நேரத்துக்குப் பிறகு அவள் இருமினாள். கண் திறந்தது.

"பிழைத்துக் கொண்டாள்" என்றாள் டாக்டரம்மா, அவர்கள் கிடந்த இடத்தைக் குற்றாலிங்கத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு. "மூக்கு அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அதுவும் போதாது. கூரையைத் திறந்தீரே, நல்ல காரியம்."

நயினார் அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். ஓட்டுக் கூரையில் பெரிய ஓட்டை. அதற்கு மேலே மேகம் ஓடிக் கொண்டிருந்தது. வெளியே வந்து அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக் கொண்டார்.

"பண்டிதரே, கேஸை நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன். அதுக்கு நீங்க என்ன பேரு வேணும்னாலும் வச்சிக்கிடுங்க."

அந்த நேரம் பார்த்து மாடத்தி கோயிலிலிருந்து வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், உடைந்த ஓட்டைப் பார்த்தாள், முற்றத்தில் சாரலில் கிடக்கும் மருமகளைப் பார்த்தாள். நடந்ததை ஷரீபுன்னிசா சொன்னதும் தலையில் அடித்துக் கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து அறைக்குள் போய் அங்கணத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அந்த ஓட்டையையும் நான்தானே பழைய சீலையைச் சுருட்டி அடைச்சு வச்சிருந்தேன்! காத்து ஒரு பொட்டு வரக்கூடாதுன்னு கம்பு வச்சுக் குத்திக் குத்தி அடைச்சேனே! அதை யாரு பிடுங்குனது?"

குற்றாலிங்கத்துக்குச் சந்தில் காலில் சிக்கிய கந்தல் பந்து நினைவுக்கு வந்தது. முப்பிடாதியின் தலையை மடியில் தூக்கி வைத்துக் கொண்டான். அவள் விரல்களைப் பார்த்தான். அவளுக்கும் நகம் பெயர்ந்திருந்தது.

"நீயா பிடுங்கி வெளிய தள்ளுன?"

"கட்டையத் தூக்கத்தான் பாத்தேன். கையில தெம்பு இல்ல" என்றாள் அவள் மெல்ல. "பிள்ளையை இழுத்துக்கிட்டு அங்கன போனேன்."

"அங்கன போகணும்னு உனக்கு யாருட்டி சொன்னது?"

முப்பிடாதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் களைப்பிலும் அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"பத்து நாளா சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு, காத்து வார வழி, காத்து வார வழின்னு கத்துனது யாராம்? நான் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன்; நீங்கதான் கேக்கல போலுக்கு."